நுரையீரலுக்கு எந்த ஸ்கேன்? சீட்டிலிருந்து ரிப்போர்ட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

“சார், நுரையீரலுக்கு ஒரு ஸ்கேன் எடுக்கணும்.” சிடி அறை வாசலில் தினமும் கேட்கும் வாக்கியம் இது. எந்த ஸ்கேன் என்று கேட்டால் முழிப்பார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டிலும் பல சமயம் ‘சிடி செஸ்ட்’ என்ற இரண்டே சொல்தான் இருக்கும்.

ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபராக இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு அம்மாவை மட்டும் மறக்க முடியவில்லை. கால் எலும்பு முறிந்து ஐந்து வாரம் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர். கட்டைப் பிரித்த நாலாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. எங்கேயோ ஒரு இடத்தில் மருந்து ஏற்றாத ப்ளெயின் சிடி எடுத்து ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வீல் சேரில் எங்களிடம் வந்தார். ரத்தக்குழாய் தெரிவதற்கான மருந்து ஏற்றி மறுபடி சிடி எடுத்தோம். இரண்டு பக்க நுரையீரல் தமனிகளிலும் ரத்தக்கட்டி. முதல் ஸ்கேனை எடுத்த மெஷினில் பழுது ஏதும் கிடையாது. ‘ரத்தக்கட்டி இருக்கிறதா?’ என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான். ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வி மாறினால் ஸ்கேனும் மாற வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சில் குத்தல், மயக்கம், இருமலில் நிறைய ரத்தம், இவற்றில் எது வந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். எந்த ஸ்கேன் என்பதை அவசரப் பிரிவு மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

படி 1: சீட்டில் கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள்

நுரையீரலுக்குள் இரண்டு மரங்கள் பின்னிக்கொண்டு வளர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காற்றுக்குழாய் மரம், இன்னொன்று ரத்தக்குழாய் மரம். நிமோனியா, டிபி, தழும்பு நோய் (நுரையீரல் சதை தழும்பேறி இறுகுவது), புற்றுநோய் எல்லாம் பெரும்பாலும் காற்றுப் பக்கத்து நோய்கள். ரத்தக்கட்டி அடைப்பது, தமனியில் அழுத்தம் ஏறுவது, பிறவியிலேயே ரத்தக்குழாய் கோணலாக இணைந்திருப்பது, இதெல்லாம் ரத்தப் பக்கம். சாதாரணப் படத்தில் காற்றுப் பக்கம் நன்றாகத் தெரியும். ரத்தப் பக்கம் தெரியாது, ஏனென்றால் ஓடும் ரத்தமும் உறைந்த கட்டியும் அதில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம்.

அதனால் சீட்டில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, மருத்துவர் எதைச் சந்தேகப்படுகிறார். இல்லையென்றால் கூச்சப்படாமல், “டாக்டர், இதுல என்ன தேடுறோம்?” என்று கேளுங்கள். பழைய டிபி, பீடி சிகரெட், கல்குவாரி அல்லது பஞ்சு மில் வேலை, சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு இதையெல்லாம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் உங்கள் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தச் சீட்டு மட்டும்தான்.

படி 2: நெஞ்சு எக்ஸ்ரேயை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

வில்லெம் ராண்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். நூற்று முப்பது வருடம் ஓடிவிட்டது, இன்றும் நுரையீரலுக்கு முதல் படம் அதுதான். செலவு குறைவு, கதிர்வீச்சும் மிகக் குறைவு. “எதுக்கு எக்ஸ்ரே, நேரா சிடி எடுத்துடலாமே” என்று வருகிறவர்களிடம் நான் வாக்குவாதம் செய்வதில்லை. ஆனால் பாதிப் பேருக்கு சிடி தேவையே இருக்காது.

படம் நன்றாக வருவது எங்கள் கையில் பாதி, உங்கள் கையில் பாதி. மார்பைப் பலகையோடு ஒட்டி, தாடையை மேலே வைத்து, கைகளை இடுப்பில் ஊன்றித் தோள்களை முன்பக்கம் தள்ளச் சொல்வோம். தோள்பட்டை எலும்பின் நிழல் நுரையீரல் மேல் விழாமல் இருக்கத்தான் இந்த வித்தை. கதிர் வரும் எக்ஸ்ரே குழாய் ஆறடி தள்ளி முதுகுக்குப் பின்னால் நிற்கும். “மூச்சை நல்லா இழுங்க... இழுங்க... பிடிங்க!” என்று நாங்கள் கத்துவதிலும் காரணம் இருக்கிறது. முழு மூச்சில் உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது பத்து எண்ணலாம். அரை மூச்சில் எடுத்தால் கீழ் நுரையீரல் சுருங்கி நிமோனியா மாதிரி மங்கலாகத் தெரியும், இதயம் வீங்கின மாதிரி இருக்கும்.

அப்புறம் நகை, தாயத்து, ஊக்கு, கொக்கி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லும் அம்மாக்களிடம் நாங்கள் மல்லுக்கட்டுவதில்லை. கழுத்துக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்வோம். ஆனால் பின்னலை மட்டும் விட மாட்டேன். எண்ணெய் தடவி இறுக்கிப் போட்ட பின்னல் தோளில் கிடந்தால், நுரையீரலின் உச்சியில் டிபி நிழல் போலவே விழும். அதைப் பார்த்து பயந்து ஓடிவந்த கல்லூரிப் பெண்ணுக்கு, கொண்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் கட்டி மறுபடி எடுத்தேன். ‘டிபி’ காணாமல் போய்விட்டது.

படுக்கையில் இருப்பவருக்கு போர்ட்டபிள் மெஷின் கொண்டுபோய் எடுக்கும் படம் வேறு ரகம். அதில் கதிர் முன்பக்கத்திலிருந்து, குறைந்த தூரத்திலிருந்து போகும். இதயம் பலகைக்குத் தள்ளி இருப்பதால் நிழல் பெரிதாக விழும். ஐசியூ படத்தில் ‘ஹார்ட் என்லார்ஜ்ட்’ என்று பார்த்தவுடன் பதறாமல், எப்படி எடுத்த படம் என்று முதலில் கேளுங்கள்.

இந்தப் படத்தில் என்ன தெரியும்? நிமோனியாவின் வெள்ளைத் திட்டு தெரியும். டிபி என்றால் பெரும்பாலும் மேல் பகுதியில் திட்டும் குழியும். நுரையீரல் சுருங்கிக் காற்று வெளியே சேர்ந்திருந்தால் தெரியும். நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் நீர் கோர்த்திருந்தால் கீழ் மூலை மழுங்கும், ஆனால் அதற்குச் சுமார் 200 மில்லியாவது சேர்ந்திருக்க வேண்டும். நுரையீரல் முழுக்கப் பொடிப் பொடியாக 1 முதல் 3 மி.மீ. புள்ளிகள் இருந்தால் அதை மிலியரி என்பார்கள். லத்தீனில் அது தினையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தினை இறைத்த மாதிரி படம் என்றால் உடனே பரவிய டிபிதான் நினைவுக்கு வரும். ஆனால் யானைக்கால் புழுவால் வரும் ஈசினோஃபில் நுரையீரல் நோயிலும் ஏறக்குறைய இதே மாதிரி புள்ளிகள் வரும். இரண்டுக்கும் மருந்து முற்றிலும் வேறு. எனவே படத்தை மட்டும் வைத்து டிபி மருந்து ஆரம்பிக்கக் கூடாது. சிபிநாட், ட்ரூநாட் போன்ற சளிப் பரிசோதனைதான் உறுதி செய்யும்.

படத்தில் தெரியாதவையும் உண்டு. ஆரம்பநிலைத் தழும்பு நோய், இதயத்துக்குப் பின்னால் ஒளிந்த சிறு கட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தக்கட்டி. நுரையீரலில் ரத்தக்கட்டி உள்ளவரின் எக்ஸ்ரே அச்சு அசலாக நார்மலாக இருக்கலாம். மூச்சுத் திணறும் ஒருவரின் நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது என்றால் அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

படி 3: அல்ட்ராசவுண்ட், எக்கோ

நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் அல்ட்ராசவுண்ட் உள்ளே போகாது என்று நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பாதி உண்மை. நீர் கோர்த்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாத அளவைக்கூட அது காட்டிவிடும். நீரை ஊசி போட்டு எடுக்கும்போது பார்த்துக்கொண்டே குத்தலாம். காலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்பதற்கும் டாப்ளர் ஸ்கேன்தான். நரம்பை மேலே அழுத்திப் பார்ப்பார்கள். அமுங்கினால் சரி, அமுங்காவிட்டால் உள்ளே கட்டி. (இங்கே ‘நரம்பு’ என்பது ஊர்ப்பேச்சு, உண்மையில் சிரை.) எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட், அதைப் பற்றிப் பின்னால் விரிவாக வருகிறது.

படி 4: சிடி என்றால் எந்த சிடி?

காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய மெஷினில் 1971ல் லண்டனில் முதல் நோயாளியைப் படம் எடுத்தார்கள். அவர் பெயரிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. அந்தக் கணக்கில்தான் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா, சாம்பலா, வெள்ளையா என்று முடிவாகிறது. உறையாத ரத்தத்துக்கும் உறைந்த கட்டிக்கும் இந்த அளவுகோலில் வித்தியாசம் மிகச் சிறியது. ப்ளெயின் சிடி அந்த அம்மாவைக் கைவிட்டது இதனால்தான்.

நெஞ்சுக்கான சிடியை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் போதும்.

மருந்து ஏற்றாத சிடி, அதாவது ப்ளெயின். நுரையீரல் சதையில் இருக்கும் கட்டியை (ரத்தக்கட்டியை அல்ல) தொடர்ந்து கண்காணிக்க, நிமோனியாவின் பரவலைப் பார்க்க. இதையே 1 முதல் 1.5 மி.மீ. மெல்லிய சீவல்களாக எடுத்தால் எச்ஆர்சிடி. நுரையீரலின் சல்லடையையே எண்ணிப் பார்க்கலாம், ஆனால் இதிலும் மருந்து கிடையாது. மூன்றாவது, கான்ட்ராஸ்ட் என்கிற அயோடின் மருந்து ஏற்றி எடுப்பது. இதற்குள்ளும் மருந்து எந்த நொடியில் எந்தக் குழாயில் இருக்கும்போது எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஸ்கேன் மாறிவிடும். நுரையீரல் தமனியில் இருக்கும்போது எடுத்தால் சிடிபிஏ, அதாவது நுரையீரல் ஆஞ்சியோ. சில நொடி தாமதித்து, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியில் இருக்கும்போது எடுத்தால் வேறு படம்.

எச்ஆர்சிடி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீண்ட நாள் வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குதல், ஸ்டெதாஸ்கோப்பில் வெல்க்ரோ பிரிக்கிற மாதிரி சத்தம் என்றால் தழும்பு நோயைத் தேடுவார்கள். அடிப்பகுதியில், ஓரத்தில் தேன்கூடு போல அடுக்கடுக்காக ஓட்டைகள் இருந்து, காற்றுக்குழாய்கள் இழுபட்டு விரிந்திருந்தால் பல சமயம் பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) இல்லாமலே நோய்க்குப் பெயர் வைத்துவிடலாம். ‘கிரவுண்ட் கிளாஸ்’ என்று ரிப்போர்ட்டில் வருவது குளியலறை ஜன்னலில் போடும் மங்கல் கண்ணாடி. அந்தப் பகுதி மங்கி இருக்கும், ஆனால் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் தெரியும். 2021ல் ‘25க்கு எத்தனை?’ என்று ஊரே கோவிட் சிடி மதிப்பெண் கேட்டுத் திரிந்ததே, அந்தக் கணக்கில் பெரும்பங்கு இந்த மங்கல்தான். லேசான காய்ச்சலுக்கெல்லாம் வரிசையில் நின்று எடுத்தார்கள். பலருக்கு அது தேவையே இருக்கவில்லை.

எச்ஆர்சிடியின்போது குப்புறப் படுக்கச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். மல்லாந்து படுத்தால் முதுகுப் பக்கம் ரத்தமும் எடையும் இறங்கிச் சற்று மங்கித் தெரியும். குப்புறப் படுத்ததும் அது மறைந்தால் நோயில்லை, அப்படியே நின்றால் நோய். மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்லியும் ஒரு சுற்று எடுப்போம். காற்று வெளியேறாமல் சிக்கிய இடங்கள் கறுப்புத் திட்டாக நிற்கும். புறா, பூஞ்சை, ஏர் கூலர் தூசி போன்றவற்றின் ஒவ்வாமையால் வரும் நோயில் இப்படி வரும். 2017ல் வெளியான இந்தியத் தழும்பு நோய்ப் பதிவேட்டில் 1084 பேர் இருந்தார்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இருந்தது இந்த ஒவ்வாமை வகைதான். அதனால் மொட்டை மாடியில் புறாக்கூண்டு இருந்தால் அதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

படி 5: ரத்தக்கட்டி சந்தேகம்

நீண்ட படுக்கை, அறுவை சிகிச்சை, பிரசவம், புற்றுநோய், ஒரு பக்கக் கால் மட்டும் வீங்குதல், இவற்றோடு திடீர் மூச்சுத்திணறல் சேர்ந்தால் மருத்துவரின் மனதில் வருவது நுரையீரல் ரத்தக்கட்டி. பெரும்பாலும் காலில் உறைந்து, பிய்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாகப் போய் நுரையீரல் தமனியில் சிக்கிக்கொள்ளும்.

ஆனாலும் எல்லாரையும் நேராக ஸ்கேனுக்கு அனுப்புவதில்லை. முதலில் வாய்ப்பு எவ்வளவு என்று மருத்துவர் கணக்குப் போடுவார். வாய்ப்பு குறைவு என்றால், உறைந்த ரத்தம் கரையும்போது வரும் துணுக்கை அளக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை. அது நார்மல் என்றால் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது, ஸ்கேன் வேண்டாம். கூடுதலாக இருந்தால் மட்டும் கட்டி உறுதி என்று அர்த்தமில்லை. காய்ச்சல், கர்ப்பம், வயது எல்லாமே அதைக் கூட்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரம்பை உயர்த்திப் பார்ப்பார்கள், அளக்கும் அலகு ஒத்துப்போனால். 70 வயதுக்காரருக்கு 500க்குப் பதில் 700. வாய்ப்பு அதிகம் என்றால் டி-டைமருக்காகக் காத்திருக்காமல் நேராக சிடிபிஏ.

சிடிபிஏ அறையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், தெரிந்தால் பயம் குறையும். முழங்கை மடிப்பில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக் குழாய்) போடுவோம், முடிந்தால் பச்சை நிறத்தது. நீல நிறம் மெல்லியது, அதில் இவ்வளவு வேகமாக மருந்து தள்ள முடியாது. புறங்கையில் ஏற்கெனவே குத்திய நீலத்தோடு வருகிறவர்களுக்கு மறுபடி குத்தும்போது திட்டு வாங்குவது எங்கள் வழக்கம். பம்ப் மெஷின் நொடிக்கு 4 முதல் 5 மில்லி வீதம் மருந்தைத் தள்ளும். உடம்பெல்லாம் சூடு பரவும், தொண்டையில் கம்பி நக்கின மாதிரி ஒரு ருசி வரும், சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும். போயிருக்காது. நுரையீரல் தமனியில் வெள்ளை ஏறுவதை மெஷின் பார்த்துக்கொண்டே இருக்கும். போதிய அளவு ஏறியதும் சில நொடியில் ஸ்கேன் முடிந்துவிடும்.

இங்கே ஒரு சூட்சுமம். எக்ஸ்ரேக்கு “நல்லா இழுங்க” என்றோம் அல்லவா, இங்கே அப்படி இழுக்கக் கூடாது. ஆழமாக இழுத்தால் வயிற்றிலிருந்து மருந்து கலக்காத ரத்தம் குபுக்கென்று இதயத்துக்குள் ஏறி, தமனியிலுள்ள மருந்தை நீர்த்துப்போகச் செய்யும். படம் மங்கி, இல்லாத கட்டி இருப்பது போலத் தெரியலாம். அதனால் சாதாரணமாக மூச்சை எடுத்து, முக்காமல், அசையாமல் நிறுத்தினால் போதும்.

கட்டி இருந்தால் வெள்ளைக் குழாயின் நடுவே சாம்பல் நிற அடைப்பாகத் தெரியும். குறுக்கே வெட்டிய படத்தில் ஓட்டை மிட்டாய் போல வட்டமாக இருக்கும். ரேடியாலஜிஸ்ட் அதோடு நிறுத்த மாட்டார். இதயத்தின் வலது கீழறை இடதைவிடப் பெருத்திருக்கிறதா என்றும் அளப்பார். பெருத்திருந்தால் இதயம் திணறுகிறது என்று பொருள், சிகிச்சையின் அவசரம் கூடும். மறுபுறம், ஓரமாக ஒரே ஒரு குட்டிக் கிளையில் மட்டும் கட்டி என்று வந்தால் அதை இன்னொருவரும் பார்ப்பது நல்லது. மூச்சு அசைவால் வரும் பொய்க் கட்டிகள் அந்த இடத்தில்தான் அதிகம்.

மருந்து பற்றிய பயங்கள். முன்பு இதே மருந்துக்கு அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்றால் அயோடின் மருந்தும் ஒத்துக்கொள்ளாது என்பது பழைய கட்டுக்கதை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் கொண்டுவாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகம் நன்றாக இருந்தால் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை. சிறுநீரகம் பலவீனம் என்றால் எத்தனை நாள் நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார். தாய்ப்பால் கொடுப்பவர்கள் தொடர்ந்து கொடுக்கலாம்.

கர்ப்பிணிக்கு? பயந்துபோய் ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. கால் வீங்கியிருந்தால் முதலில் டாப்ளர். அதிலேயே கட்டி தெரிந்தால் நெஞ்சு ஸ்கேன் இல்லாமலே சிகிச்சை ஆரம்பித்துவிடலாம். தெரியாவிட்டால் சிடிபிஏவோ அடுத்து வரும் வி/கியூ ஸ்கேனோ எடுக்கலாம். இரண்டிலும் வயிற்றுக் குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு மிகக் குறைவு.

படி 6: மூன்று மாதம் மருந்து சாப்பிட்டும் மூச்சு வாங்குகிறதா?

இந்த இடத்தில்தான் பலர் தொலைந்துபோகிறார்கள். ரத்தக்கட்டிக்கு மருந்து சாப்பிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று அனுப்பப்பட்டவர், மாடி ஏற முடியாமல் தவிப்பார். வயசாகிவிட்டது, எடை கூடிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். சிலருக்குக் கட்டி கரையாமல் தழும்பாகிக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். ரத்தம் போக வழி குறைந்து, நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறும். கையில் அளக்கும் பிபிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கையில் 120 இருக்கும்போது நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 14 அளவில்தான் இருக்கும். 20ஐத் தாண்டினால் நுரையீரல் உயர் அழுத்தம் என்று 2022 ஐரோப்பிய வழிகாட்டி வரையறுக்கிறது.

முதலில் எக்கோ. வலது இதய வால்விலிருந்து பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்தை அளந்து அழுத்தத்தை மதிப்பிடுவார்கள். வேகத்தை வர்க்கமாக்கி நாலால் பெருக்க வேண்டும். நொடிக்கு 2.8 மீட்டர் என்றால் சுமார் 31. அதற்கு மேல் போனால் சந்தேகம், 3.4ஐத் தாண்டினால் வலுவான சந்தேகம். மதிப்பீடுதான், தீர்ப்பில்லை. நம் ஊரில் சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய மிட்ரல் வால்வும் இந்த அழுத்தத்தைக் கூட்டும். எக்கோ அதையும் அப்போதே காட்டிவிடும்.

அடுத்து வி/கியூ ஸ்கேன். சிடி இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களில் மருத்துவர்களும் உண்டு. டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் ஒட்டிய புரதத் துகள்களை ரத்தத்தில் ஏற்றுவார்கள். ரத்தம் போகும் இடமெல்லாம் அவை தங்கி ஒளிரும். சில மணி நேரத்தில் கரைந்துவிடும், டெக்னீஷியத்தின் வீரியமும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இன்னொரு சுற்றில் மூச்சில் இழுத்த பொருளைப் படம் எடுப்பார்கள். காற்று போகிறது, ரத்தம் போகவில்லை என்று ஒரு துண்டு தெரிந்தால் அங்கே குழாய் அடைப்பு. நாள்பட்ட அடைப்பில் கட்டி, சிடியில் பளிச்சென்ற சாம்பல் உருண்டையாக இருக்காது. சுவரோடு சுவராக, வலை மாதிரி, நூல் மாதிரி இருக்கும். பழகாத கண்ணுக்குத் தப்பிவிடும். வி/கியூ நார்மல் என்றால் நாள்பட்ட அடைப்பு ஏறத்தாழ இல்லவே இல்லை. பெரிய ஊர்களில், அணு மருத்துவத் துறை உள்ள இடங்களில்தான் இது கிடைக்கும். அலைச்சல்தான். ஆனால் இந்த ஒரு வகை உயர் அழுத்தத்தை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய வாய்ப்பு இருக்கிறது. தமனியைத் திறந்து தழும்பை உரித்தெடுப்பார்கள். அதனால் அலையலாம்.

கடைசி உறுதி, வலது இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை நேராக அளப்பது. இதன் ஆரம்பம் எங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்டது. 1929ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர் தன் கை நரம்பு வழியாகத் தானே குழாயை விட்டுக்கொண்டு, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், குழாயின் முனை இதயத்தில் இருப்பதைப் படம் எடுத்துக் காட்டினார். 1956ல் நோபல் பரிசு கிடைத்தது. அன்று அந்த எக்ஸ்ரே அறையில் டியூட்டியில் இருந்தவரின் நிலைமையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

எம்ஆர்ஐ நுரையீரல் சதைக்குப் பெரிய உதவி இல்லை, காற்றில் அதற்குப் பிடிமானம் கிடையாது. வலது இதயத்தின் பலத்தை அளக்க மட்டும் நன்றாக உதவும்.

படி 7: இருமலில் ரத்தம்

பழைய டிபி தழும்புள்ளவர்களிடம் இது அதிகம். இங்கே சிடிபிஏ எழுதிவிட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். பெரும்பாலான ரத்தப்போக்கு நுரையீரல் தமனியிலிருந்து வருவதில்லை. மகாதமனியிலிருந்து பிரிந்து காற்றுக்குழாய்களுக்குப் போகும் பிராங்கியல் தமனிகள், தழும்பைச் சுற்றிப் பெருத்து, வெடித்து வருவதுதான் அதிகம். ஆகவே மருந்து மகாதமனியில் இருக்கும்போது எடுக்க வேண்டும். எந்தக் குழாய் என்று தெரிந்தால் தொடை வழியாகப் போய் அதை அடைத்துவிடலாம். சீட்டில் ‘இருமலில் ரத்தம்’ என்ற இரண்டு சொல் இருந்தால் நாங்களே நேரத்தை மாற்றிக்கொள்வோம். வெறும் ‘சிடி கான்ட்ராஸ்ட்’ என்றிருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

படி 8: ‘சின்னக் கட்டி இருக்கு’

வேறெதற்கோ எடுத்த சிடியில் ‘நோட்யூல்’ என்று வந்துவிடும். தூக்கம் போய்விடும். அளவைப் பாருங்கள். 6 மி.மீ.க்குக் குறைவான திடக்கட்டி, புகைப்பழக்கம் போன்ற ஆபத்து இல்லாதவர் என்றால் வழக்கமான மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை என்கிறது ஃபிளெய்ஷ்னர் சொசைட்டி என்ற மார்புப் படவியல் அமைப்பின் 2017 வழிகாட்டி. 6 முதல் 8 வரை என்றால் 6 முதல் 12 மாதத்தில் மறுபடி. 8க்கு மேல் என்றால் மூன்று மாதத்தில் சிடி, அல்லது பெட் சிடி, அல்லது பயாப்சி. ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்கும் 35 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

பெட் சிடியில் சர்க்கரையோடு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஏற்றுவார்கள். சர்க்கரையை வேகமாகத் தின்னும் செல்கள் ஒளிரும். புற்றுநோய் ஒளிரும், சரி. டிபியும் அதே பிரகாசத்தோடு ஒளிரும். ‘பெட்டில் எரிகிறது, கேன்சர்’ என்று யாராவது சொன்னால் பயாப்சி வரும்வரை நம்ப வேண்டாம்.

இன்னொரு வகைக் கட்டியும் உண்டு. தமனியும் சிரையும் நேராக முடிச்சுப்போட்டுக்கொண்டு, எக்ஸ்ரேயில் உருண்டையாகத் தெரியும். அடிக்கடி மூக்கில் ரத்தம் வடியும் குடும்பங்களில் அதிகம். இதில் ஊசி குத்தினால் ஆபத்து. பயாப்சிக்கு முன் ‘இதோடு ரத்தக்குழாய் எதுவும் சேரவில்லையே?’ என்று கேட்டுவிடுங்கள்.

படி 9: கதிர்வீச்சுக் கணக்கு

ஒரு நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.02 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலக மனிதனுக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 கிடைக்கிறது. கதிரியக்கம் கொண்ட மோனசைட் மணல் உள்ள, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் இன்னும் அதிகம். நெஞ்சு சிடி ஐந்து, ஏழு என்று வரும். குறைந்த டோஸ் சிடி 1.5 அளவு. தேவையான ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டாம், அதே வாரத்தில் அதே ஸ்கேனை இன்னொரு இடத்தில் மறுபடி எடுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

படி 10: ரிப்போர்ட்டும் பழைய படமும்

‘பிராங்கோவாஸ்குலர் மார்க்கிங்ஸ் ப்ராமினன்ட்’ என்று எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் இருந்தால் பெரும்பாலும் பதற ஒன்றுமில்லை, ஏதாவது எழுத வேண்டுமே என்று எழுதுவதும் உண்டு. ‘ஓல்ட் காக்ஸ்’ என்றால் பழைய டிபி தழும்பு, இப்போது நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ‘சப்ஆப்டிமல் ஸ்டடி’ என்றிருந்தால் மட்டும் கவனியுங்கள். படம் சரியாக வரவில்லை, ‘இல்லை’ என்ற பதிலை முழுசாக நம்ப முடியாது என்பது அதன் பொருள்.

எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் 9 மி.மீ. கட்டி என்று பயாப்சிக்கு நாள் குறித்துவிட்டு வந்தார். “பழைய படம் ஏதாச்சும் இருக்கா ஐயா?” என்று கேட்டேன். மகன் வீட்டுக்குப் போய், பீரோ மேல் சுருட்டி வைத்திருந்த மஞ்சள் கவரை எடுத்துவந்தார். உள்ளே மூன்று வருடத்துக்கு முந்தைய சிடி ஸ்கேன். ஃபிலிம் வெயிலில் ஒட்டிப்போயிருந்தது, நல்லவேளை கூட இருந்த கம்ப்யூட்டர் டிஸ்க் ஓடியது. அதே இடத்தில் அதே கட்டி, அதே 9 மி.மீ. மூன்று வருடமாக ஒரு மி.மீ. நகரவில்லை. ரேடியாலஜிஸ்ட்டும் மார்பு மருத்துவரும் பேசி பயாப்சியைத் தள்ளிவைத்தார்கள்.

ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஃபிலிமில் இருப்பது நூற்றுக்கணக்கான படங்களில் பொறுக்கியெடுத்த சில. டைகாம் என்ற மருத்துவப் பட வடிவில் முழுப் படங்களும் அடங்கிய டிஸ்க்கையோ லிங்க்கையோ கேட்டு வாங்கி, போனிலும் ஒரு நகல் வையுங்கள். கவர் மேல் பெயர், தேதி, எந்த ஸ்கேன், எதற்காக எடுத்தது என்று பேனாவால் எழுதுங்கள். பீரோ மேல் வைக்கலாம், வெயில் படாத பக்கமாக.